ரேக்கு ஒட்டிய கன்னம்

கண்ணாடியில் ஒரு கறை இருந்தது. சொலாஞ்ச் ஈரத்துணியால் துடைத்தாள், காய்ந்த துணியால் துடைத்தாள், வாயால் ஊதி ஊதித் துடைத்தாள். கறை அப்படியே இருந்தது. யாரோ கன்னத்தை வைத்து அழுத்தியதுபோல் எண்ணெய்ப் பிசுக்காக இருந்தது. அவளுடைய கன்னம் எட்டாத உயரத்தில் இருந்தது. நகத்தால் சுரண்டிப் பார்த்தபோதுதான் புரிந்தது, கறை கண்ணாடிக்கு இந்தப் பக்கம் இல்லை.

பழைய ரசக் கண்ணாடிகளில் என்னென்னவோ தெரியும். தங்க ரேக்கு ஒட்டுகிறவனுக்கு வாழ்க்கைப்பட்டுவிட்டு அதற்கெல்லாம் பயந்தால் பிழைப்பு நடக்காது. கீழே பட்டறை, மேலே வீடு. பாரிஸில் அந்த முற்றத்தைச் சுற்றி இருந்தவர்கள் எல்லாருமே மரவேலைக்காரர்கள், மெத்தை தைப்பவர்கள். முயல்தோல் பசை காயும் நாற்றம் படிக்கட்டில் ஏறி அவர்கள் படுக்கைவரை வரும்.

கண்ணாடி என்னவோ அழகுதான், இல்லை என்று சொல்ல அவளால் முடிந்ததில்லை. பதினாறாம் லூயி காலத்து மரச்சட்டம். கண்ணாடியை ஒட்டி முத்து முத்தாக ஒரு வரிசை, அதற்கு வெளியே நேராக ஓடும் வரிகள், தலைப்பில் ஒரு ஜாடி, ஜாடியின் இரண்டு பக்கமும் வழியும் லாரல் இலை மாலை. எதுவும் நெளியாது, எதுவும் துள்ளாது, எல்லாம் அளவோடு நிற்கும். ஒடிலும் அப்படித்தான் இருந்தாளாம். உயரமாக, அளவாக.

ஒடில் அவள் கணவன் எத்தியேனின் முதல் மனைவி. அந்தச் சட்டத்துக்குப் புது ரேக்கு ஒட்டியது அவள்தான். ரேக்கு என்பது மூச்சுப் பட்டாலே பறக்கும் மெல்லிய தங்கத் தகடு, கையால் எடுக்க முடியாது. அணில்முடித் தூரிகையைக் கன்னத்தில் ஒருமுறை தடவ வேண்டும். கன்னத்தின் எண்ணெய்ப்பசை முடியில் ஏறும், அதில் ரேக்கு ஒட்டிக்கொண்டு எழும். ஒவ்வொரு இலைக்கும் ஒரு தடவல். ஆக அந்த மாலை முழுக்க ஒடிலின் கன்னம். அதன் முன்னால் நின்றுதான் எத்தியேன் தினமும் காலையில் டை கட்டுவான், அவசரமே இல்லாமல். சொலாஞ்சுக்கு வயிறு எரியும்.

"இத வித்துட்டா என்ன?"

"விக்கிறதுக்கு இல்ல, சொலாஞ்ச்."

"அவ போய்ட்டா. இப்ப நான்தான இருக்கேன்."

"நீ இருக்கறது எனக்குத் தெரியுது. காபி ஆறுது, குடி." கண்ணாடியைப் பார்த்தபடியேதான் சொன்னான். அன்று வெர்சாய்க்கு ஒரு மேசையைக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும், விளக்கேற்றும் நேரத்துக்கு வந்துவிடுவதாகச் சொல்லிவிட்டுக் கிளம்பினான்.

எதிர்வீட்டு மதாம் இவோன் ரொட்டி வாங்கிக்கொண்டு வந்தவள், கறையைப் பார்த்ததும் உதட்டைச் சுழித்தாள்.

"ஒடில் செத்த அன்னிக்கு நாங்கதாம்மா வீட்ல இருந்த கண்ணாடியெல்லாம் துணி போட்டு மூடினோம். செத்தவ உள்ள மாட்டிக்கக் கூடாதுல்ல. இத மட்டும் மூடல."

"ஏன் மதாம்?"

"ரேக்கோட ஈரம் காயலயாம். துணி பட்டா தங்கம் துணியோட வந்துரும்னு உன் புருஷன் என் கையப் பிடிச்சுட்டான். பொண்டாட்டி சவம் பக்கத்து அறையில கிடக்குது, இவனுக்குச் சட்டம் பெருசு. பட்டறைக்காரன் புத்தி, வேற என்ன." கூடையை எடுத்துக்கொண்டு எழுந்தாள். "அதோட அவனும் இத விட்டு நகரல. நான் சொல்லித்தான் உனக்குத் தெரியணுமா?"

அந்தக் கடைசி வார்த்தைதான் சொலாஞ்சைக் கிளப்பிவிட்டது. மதாம் போனதும் வெந்நீரும் பஞ்சும் கொண்டுவந்தாள், முக்காலி போட்டு ஏறினாள். தண்ணீர் விட்டு ஒட்டிய தங்கம் தண்ணீருக்கே போய்விடும். முதல் இலையைத் தேய்த்தாள். தங்கம் கரைந்து, அடியில் பூசியிருந்த செங்களிமண் ரத்தநிறத்தில் எட்டிப் பார்த்தது. ஒடிலைக் கொஞ்சம் கொஞ்சமாக வாளியில் பிழிந்தாள். இவ்வளவு சந்தோஷமாக அந்த வீட்டில் அவள் வேறு எந்த வேலையும் செய்ததில்லை.

பாதி மாலை போயிருக்கும். கண்ணாடிக்குள், வாசலோரமாக ஒருத்தி நின்றிருந்தாள்.

சொலாஞ்ச் திரும்பினாள். கொக்கியில் தன் மேலங்கி தொங்கியது, அவ்வளவுதான். மறுபடி கண்ணாடியைப் பார்த்தாள். அந்தப் பெண் அறையின் நடுவுக்கு வந்திருந்தாள். உயரம். தலை ஒரு பக்கம் சாய்ந்திருந்தது, கூந்தல் ஒரு கன்னத்தை மூடியிருந்தது.

சொலாஞ்சுக்குப் பயம்தான். ஆனால் பயத்தைவிட எரிச்சல் பெரிதாக இருந்தது. இந்த இலைகளில் இனி என் கன்னம் இருக்கட்டும், அப்போது பார்ப்போம் உன்னை, என்று கீழே பட்டறையிலிருந்து ரேக்கும் தூரிகையும் எடுத்துவந்தாள், மறுபடி முக்காலியில் ஏறி இலைகளில் பசைநீரைத் தடவினாள். மச்சம் இருந்த கன்னத்தில் ஒரு தடவல், ஒரு ரேக்கு. ஒரு தடவல், ஒரு ரேக்கு. ஜன்னலில் வெளிச்சம் மங்கியது. ரேக்குகள் பறக்கவில்லை, கிழியவில்லை, தாமாகவே போய் இலைகளில் படிந்தன. கன்னம் குளிர்ந்தது. பிறகு மரத்துப்போனது.

கடைசி இலை. தூரிகையில் ரேக்கு ஒட்டவில்லை. அழுத்தித் தடவினாள். ஒட்டவில்லை. இன்னும் அழுத்தினாள். உலர்ந்த சுவரில் துடைப்பம் உரசும் சத்தம் கேட்டது.

கையை இறக்கினாள்.

படிக்கட்டில் எத்தியேனின் காலடி. உள்ளே வந்தான். விளக்கை ஏற்றினான். நேராகக் கண்ணாடிக்கு முன்னால் போய் நின்றான். முக்காலியிலிருந்து இறங்கி சொலாஞ்ச் அவன் தோளருகே நின்றாள். அவன் அவளைத் திரும்பிப் பார்க்கவில்லை.

"இன்னிக்கு எவ்வளவு அழகா இருக்க," என்றான் கண்ணாடியிடம்.

கண்ணாடிக்குள் இரண்டு பேர்தான் இருந்தார்கள். எத்தியேன். அவன் பக்கத்தில் அந்த உயரமானவள். கூந்தலை ஒதுக்கிவிட்டிருந்தாள். கன்னம் உருண்டு, மின்னி, உயிரோடு இருந்தது. அதில், காதுக்குக் கீழே, சொலாஞ்சின் மச்சம்.

சொலாஞ்ச் தன் கன்னத்தைத் தொட்டாள். சொரசொரப்பாக இருந்தது. விரலை விளக்கொளியில் பார்த்தாள். செங்களிமண்.