ஜெயராணியின் கோரஸ்

தேவனாம்பட்டினம் கச்சேரியில் ஜெயராணியின் குரல் கொஞ்சம் குறைவாகக் கேட்டது. பெரிய வித்தியாசம் இல்லை. கடற்காற்று பந்தல் துணியை அறைந்துகொண்டிருந்தது, மேடையில் காயத்ரி உச்சத்தில் பாடிக்கொண்டிருந்தாள், கூட்டம் விசிலடித்துக்கொண்டிருந்தது. அந்த இரைச்சலில் யாருக்கும் தெரிந்திருக்காது. ஒலியை ஏற்றி இறக்கும் மிக்சருக்கு முன்னால் உட்கார்ந்திருந்த ராஜவேலுக்கு மட்டும் தெரிந்தது. தன் மனைவியின் குரல் எந்த அளவில் வந்து விழும் என்பது அவன் விரலுக்கே பழக்கம்.

ஜெயராணி போன தை மாதம் இறந்துபோனாள். காய்ச்சல் என்று படுத்தவள் எழுந்திருக்கவில்லை. உயிரோடு இருந்தபோது இசைக்குழுவின் அம்மன் பாட்டுக்கு அவளே கோரஸையும் பாடிப் பதிவுசெய்து வைத்திருந்தாள். மேடையில் ஒரு ஜெயராணி பாட, லேப்டாப்பிலிருந்து இன்னொரு ஜெயராணி பின்பாட்டுப் பாடுவாள். இப்போது முன்னால் காயத்ரி. பின்பாட்டை மாற்ற ஒருவருக்கும் மனம் வரவில்லை. கைப்பேசி வீடியோக்களில் அவள் குரலோடு கூட்டமும் பட்டாசும் கலந்து கிடந்தன. மூச்சு இழுப்பதுகூடக் கேட்கும்படி அவள் மிச்சமிருந்தது இந்தப் பதிவில் மட்டும்தான்.

முதலில் உப்பைத்தான் சந்தேகித்தான் ராஜவேல். கடலோரக் காற்று பட்டால் கேபிள் செருகும் ஜாக்கின் பித்தளையில் பச்சை பூக்கும். பூத்த இடத்தில் மின்சாரம் தயங்கும், சத்தம் மெலியும். ஸ்பிரிட் தொட்டுத் துடைத்தான், கேபிளை மாற்றினான், சத்தத்தைப் பெருக்கும் கெயின் திருகைக் கொஞ்சம் வலப்பக்கம் திருப்பினான். குரல் பழைய அளவுக்கு வந்தது. நிம்மதியாக வேனில் ஏறினான்.

குறிஞ்சிப்பாடியில் மறுபடி குறைந்திருந்தது.

ஹெட்போனை மாட்டிக் கூர்ந்து கேட்டபோதுதான், குரல் சின்னதாகவில்லை, தூரமாகியிருக்கிறது என்று புரிந்தது. இரண்டும் வேறு. மைக்குக்குப் பக்கத்தில் நின்று முணுமுணுத்தாலும் உதடு பிரிவது கேட்கும், நாக்கு பல்லில் படுவது கேட்கும். ஆள் விலகிப் போனால் முதலில் உதிர்வது இந்தச் சின்ன சத்தங்கள்தான். அப்புறம் குரலோடு சேர்ந்து அது நிற்கிற இடமும் கேட்க ஆரம்பிக்கும், சுவரில் பட்டுத் திரும்புவது, தரையில் பட்டுத் திரும்புவது எல்லாம். இதுவோ கடலூரில் அவர்கள் வீட்டு உள்ளறையில், சுற்றிலும் மெத்தையும் போர்வையும் தொங்கவிட்டுப் பதிவுசெய்த குரல். பட்டுத் திரும்ப அங்கே இடமே கிடையாது. இப்போது திரும்புகிறது. வெகுநேரம் கழித்துத் திரும்புகிறது. அவ்வளவு பெரிய இடம்.

லேப்டாப் திரையில் அந்தப் பதிவின் அலைகளைப் பார்த்தான். என்றைக்கும் இருந்த அதே உயரம், அதே அகலம்.

கெயினை இன்னும் ஏற்றினான்.

கெயினுக்கு ஆள் தெரியாது. யாருடைய குரலுக்காகத் திருப்புகிறோமோ அவரை மட்டும் அது பெரிதாக்குவதில்லை. மின்விசிறி, நாற்காலி நகர்வது, பாடுகிறவருக்குப் பின்னால் யார் இருந்தாலும் அவர்கள், எல்லோரையும் ஒரே அளவில் இழுத்துப் பக்கத்தில் கொண்டுவந்துவிடும். இருபது வருடம் இந்த வேலை பார்த்தவன் ராஜவேல். இது தெரியாதவன் இல்லை.

சிதம்பரத்தில் ஒரு கல்யாண வரவேற்பு. பாட்டு முடிந்து சாப்பாட்டுப் பந்தியில் உட்கார்ந்தபோது காயத்ரி சொன்னாள்.

"அண்ணா, மானிட்டர்ல யாரோ மூச்சு வுடறாங்க."

மானிட்டர் என்பது பாடுகிறவர் கால்மாட்டில் வைக்கிற ஸ்பீக்கர் பெட்டி. தன் குரல் தனக்குக் கேட்பதற்காக.

"உன் மூச்சாதான் இருக்கும்."

"நேத்து மூணு ஐஸ்கிரீம் துன்னுச்சு மச்சான்," என்றான் பக்கத்து இலையில் செம்பியன். குழுவின் கீபோர்டு அவன்தான். ஜெயராணியின் தம்பி. "எரைக்காம என்ன பண்ணும்?"

காயத்ரி சிரிக்கவில்லை. "நான் மூச்ச அடக்கிப் பாத்துட்டேண்ணா. அப்பவும் வருது. ஒருத்தர் மூச்சு மாதிரியும் இல்ல."

செம்பியனின் கை இலையில் நின்றது. தாழ்ந்த குரலில் சொன்னான். "மச்சான், அக்கா கோரஸ எடுத்துடுவோமா? கீபோர்டுலயே நான் ஒப்பேத்திடறேன்."

"எடுத்துட்டா? அப்புறம் அவ எங்கடா இருப்பா?"

செம்பியன் பாதிச் சாப்பாட்டிலேயே இலையை மடித்தான். அவன் கண் கலங்கியிருந்தது. ராஜவேல் பார்க்காத மாதிரி ரசச் சோற்றைப் பிசைந்தான்.

மறுநாள் மதியம் வேன் குமராட்சிக்குக் கிளம்பியது. இருபுறமும் நாற்று நட்ட வயல், வாய்க்கால் நிறையக் கொள்ளிடத்துத் தண்ணீர், சேற்றின் வாடை, டீசல் வாடை, எதிரே வரும் மினிபஸ்ஸின் பாட்டு, எல்லாம் சன்னல் வழியே வந்துகொண்டிருந்தது. ராஜவேல் கடைசி இருக்கையில் ஹெட்போனைக் காதோடு அழுத்திக்கொண்டு லேப்டாப்பில் அந்தப் பதிவை ஓடவிட்டான்.

வெகு தூரத்தில் பாடிக்கொண்டிருந்தாள். குரலில் கூர்மை போயிருந்தது. முகத்தைத் திருப்பிக்கொண்டு பாடினால் அப்படித்தான் மங்கும். அவள் அவனுக்கு முதுகு காட்டி நடந்தபடி பாடிக்கொண்டிருக்கிறாள். எங்கேயோ போகிறாள்.

ஒரு வரி முடிந்து அடுத்த வரி தொடங்கும் இடைவெளியில் வேறொன்று கேட்டது. ஈரத்தரையில் காலடிகள். நிறைய. அவளுக்குப் பின்னாலேயே போய்க்கொண்டிருந்தவை.

ராஜவேல் சத்தத்தை ஏற்றினான்.

காலடிகள் நின்றன. திரும்பின.

ஹெட்போனைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டான். வேனுக்குள் எல்லோரும் தூங்கிக்கொண்டிருந்தார்கள். எடுத்துவிடலாம், செம்பியன் சொன்னது சரிதான் என்று நினைத்தான். விரல் அந்தக் கோப்பின் மேல் போய் நின்றது. அழிக்க ஒரு தட்டு போதும். அழித்துவிட்டால் உலகத்தில் எந்தக் கம்பியிலும் அவள் இல்லை.

லேப்டாப்பை மூடி வைத்தான்.

குமராட்சிப் பக்கத்தில் ஒரு கோயில் திடல். பொழுது சாயும் வேளை. தரையில் தார்ப்பாய் விரித்துப் பெண்களும் பிள்ளைகளும் உட்கார்ந்திருந்தார்கள். அம்மன் பாட்டு தொடங்கியது. காயத்ரி முதல் வரியைப் பாடி நிறுத்தினாள். கோரஸ் வரவேண்டிய இடம்.

வரவில்லை.

கெயினைத் திருப்பினான். வெறும் இரைச்சல். இன்னும் திருப்பினான். அடிவானத்திலிருந்து வருவதுபோல் ஒரு நூல் குரல். அவள்தான். ஆனால் பாடவில்லை.

"ஏங்க."

இத்தனை மாதம் கழித்து அவள் அவனைக் கூப்பிடுகிறாள். கண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது. ஹெட்போனை இரண்டு கையாலும் அழுத்தினான்.

"சத்தத்தக் கொறைங்க. நான் பாடிப் பாடி இதுங்கள அந்தாண்ட கூட்டிக்கினு போறேன். நீங்க ஏத்த ஏத்த உங்க பக்கமே திரும்புதுங்க."

விரல் திருகில் இருந்தது. இடப்பக்கம் திருப்பினால் போதும்.

அவள் இன்னும் ஏதோ சொன்னாள். ஒரே ஒரு சொல். சரியாகக் கேட்கவில்லை. அவன் பெயராக இருக்கலாம். போய்வருகிறேன் என்பதாக இருக்கலாம். அந்தச் சொல் மட்டும். அதை மட்டும் கேட்டுவிட்டுக் குறைத்துவிடலாம்.

வலப்பக்கம் திருப்பினான். திருகு கடைசியில் போய் முட்டியது.

அவள் குரல் இல்லை.

எதுவும் இல்லை. இரைச்சல்கூட இல்லை. மேடையில் செம்பியன் கீபோர்டிலிருந்து கையை எடுத்துவிட்டு அவனையே பார்த்தான். காயத்ரி மைக்கை நெஞ்சுக்கு இறக்கினாள்.

ராஜவேல் ஸ்பீக்கர் பெட்டிகளைப் பார்த்தான். மேடைக்கு இருபுறமும் அடுக்கிய, முன்வலை இல்லாத பெரிய பெட்டிகள். உள்ளே இருக்கும் காகிதக் கூம்பு முன்னே தள்ளினால் காற்று வெளியே வரும், பின்னே போனால் உள்ளே போகும். பாட்டு ஓடும்போது இது கண்ணுக்குப் பிடிபடாத வேகத்தில் மாறி மாறி நடக்கும். கூம்பு அசைவதைக் கண்ணால் எண்ண முடியக் கூடாது.

எல்லாக் கூம்புகளும் மெதுவாக உள்ளே போய்க்கொண்டிருந்தன.

ஒன்றாக, மூச்சை இழுப்பதுபோல். நிற்காமல்.

சத்தத்தை அடக்கும் ஃபேடரை அடிவரை இறக்கினான். பெட்டிகளுக்குப் போகும் கேபிளைப் பிடுங்கினான். அதன் முனை அவன் கையில் இருந்தது.

முன்வரிசைப் பெண்கள் காற்று என்று நினைத்து முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டார்கள். தார்ப்பாய் ஓரத்துப் புழுதி பெட்டிகளை நோக்கி ஊர்ந்தது. கூந்தலில் வைத்த கனகாம்பரங்கள், பிள்ளைகளின் ரிப்பன்கள், மடியில் தூங்கும் ஒரு கைக்குழந்தையின் மெல்லிய முடி, எல்லாம் ஒரே பக்கமாகச் சாய்ந்தன. கூம்புகள் இன்னும் உள்ளே போய்க்கொண்டிருந்தன.