அண்ணியின் பெயர்

பெஸ்தாரி ஜெயா பெட்ரோல் நிலையத்தைத் தாண்டியும் அம்சவள்ளி வண்டியை நிறுத்தச் சொல்லவில்லை.

மூன்று நாள் பயணத்தில் அது நடக்காத காரியம். செரண்டாவில் கிளம்பி, ஈப்போ, பினாங்கு என்று சுற்றி, சபாக் பெர்ணம் வழியாகக் கடலோரமாகவே திரும்பும் வரை வழியில் இருந்த எந்த டாய்லெட்டையும் அவள் சும்மா விட்டதில்லை. சர்க்கரை வியாதி, இனிப்பு நீர்க்காரி. கொஞ்ச தூரம் போவதற்குள் கடைசி இருக்கையிலிருந்து "தம்பி, ஓரங்கட்டுப்பா" என்ற குரல் வந்துவிடும். வேனுக்குள் உடனே சிரிப்பு கிளம்பும். மெலாவத்தி குன்றில் ஒரு குரங்கு அவள் சின்னத் தம்பி பவனேஷின் தொப்பியைப் பறித்துத் தன் தலையில் கவிழ்த்துக்கொண்டது. செகிஞ்சானில் அவன் மனைவி ரூபினி வயல் வரப்பில் படம் எடுக்கப் போய் இடுப்புவரை சேற்றில் இறங்கினாள். ஆனாலும் வீட்டுக்குப் போய் வருஷக்கணக்கில் சொல்லிச் சிரிக்கப் போவது அம்சவள்ளியின் டாய்லெட் கதைகளைத்தான் என்று எல்லாரும் முடிவு கட்டியிருந்தார்கள்.

அந்தக் கதைகளில் பாதி, அவளை அண்ணி என்று அழைக்கும் தம்பி மனைவி பிரமிளா உண்டாக்கியவை. அண்ணி இறங்கிப் போய்த் திரும்பி வரும்போது வண்டியை மெதுவாக நகர்த்துவது அவள் யோசனை. அண்ணி செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு "டேய், இருடா" என்று ஓடி வருவாள். ஏறி உட்கார்ந்ததும் மூச்சு வாங்க அவளும் சேர்ந்து சிரிப்பாள். சிரிக்கிறாளே, பிறகென்ன என்று பிரமிளா தன் மனத்தைச் சமாதானம் செய்துகொள்வாள்.

இப்போது அவள் முன் இருக்கையில், வண்டியோட்டும் கணவன் சுகுமாறனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். மழை விட்டிருந்தது. ஜன்னல் இடுக்கு வழியாக ஈரச் செம்பனை மட்டையின் வாசனையும், எங்கோ எண்ணெய் ஆலையில் செம்பனைப் பழம் வேகும் புளித்த வாசனையும் வந்தன. இரண்டும் இந்தப் பக்கத்துச் சாலைகளில் எப்போதும் உள்ளவைதான். அவற்றோடு மூன்றாவதாக ஒன்று வண்டிக்குள்ளேயே இருந்தது. தோட்டத்துக் கால்வாயில் வெகுநாள் தேங்கிய செந்நீரின் நாற்றம் அது. அண்ணி ஏறிய பிறகுதான் வந்தது.

"அக்கா இன்னிக்கு ரெக்கார்ட் வச்சிருக்கு லா," என்றான் பவனேஷ். "ஈஜோக் தாண்டி நின்னதோட சரி, அப்புறம் நிறுத்தவே இல்ல."

"தூங்குது, விடுங்க," என்றாள் ரூபினி.

அண்ணி தூங்கவில்லை. தூங்கினால் மூக்கில் ஒரு சீழ்க்கை வரும். வீட்டில் அடுத்த அறையிலிருந்து அந்தச் சீழ்க்கையைக் கேட்டுக்கொண்டு பிரமிளா எத்தனையோ இரவுகள் பல்லைக் கடித்திருக்கிறாள். இன்று அது இல்லை. மூச்சுச் சத்தமே இல்லை. ஈரத் துணியிலிருந்து தரை விரிப்பில் தண்ணீர் சொட்டும் ஓசை மட்டும் விட்டுவிட்டுக் கேட்டது.

பிரமிளா திரும்பிப் பார்க்கவில்லை. என்ன நடந்தது என்று முழுதாகத் தெரிந்தவள் அவள் ஒருத்திதான்.

ஈஜோக்கைத் தாண்டிய தோட்டத்துச் சாலையில், வானம் சிவந்து இருட்டத் தொடங்கிய நேரத்தில், அண்ணி அவசரம் என்றாள். வண்டி நின்றது. சாலையின் இடப்பக்கம் செம்பனை வரிசைகள், வலப்பக்கமும் அவையேதான். அண்ணி இடப்பக்கம் இறங்கினாள். கதவைச் சாத்துமுன் உள்ளே தலையை நீட்டினாள்.

"பொழுது சாயற நேரம். மரத்துக்குள்ள போறேன். பேரச் சொல்லி மட்டும் யாரும் கூப்பிட்டுடாதீங்க. நேரமாச்சுன்னா ஹாரன் அடிங்க, வந்துடுறேன்."

தோட்டத் தொழிலாளர் லயத்தில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு இது சொல்லித் தெரிய வேண்டிய சங்கதியே இல்லை. பொழுது சாய்ந்த பிறகு மரங்களுக்கு நடுவே நிற்பவரை யாரும் பெயர் சொல்லி அழைக்க மாட்டார்கள். கைதட்டுவார்கள், கனைப்பார்கள். பெயரைக் கேட்டு வேறெதுவோ பதில் சொல்லிவிடும் என்பது பயம். ரவாங் டவுன் வீட்டில் வளர்ந்த பிரமிளாவுக்கு அது அண்ணியின் இன்னொரு தொல்லையாகத்தான் பட்டது.

அண்ணி மரங்களுக்குள் மறைந்ததும் சுகுமாறன் வழக்கம்போல வண்டியைக் கொஞ்சம் நகர்த்தினான்.

"இன்னும் கொஞ்சம் போங்க," என்றாள் பிரமிளா.

நகர்த்தினான். "போதும் லா, பாவம்."

"அந்த வளைவு வரைக்கும். சும்மாதான்."

வளைவைத் தாண்டி நின்றார்கள். அங்கிருந்து வண்டியின் விளக்கு அண்ணியின் கண்ணில் படாது. அது தெரிந்துதான் பிரமிளா சொன்னாள். பின்னால் இருமல் இல்லை, பிளாஸ்டிக் பை சரசரக்கவில்லை, 'பிரமிளா, சாப்பிட்டியாம்மா' என்ற கேள்வி இல்லை. அண்ணி இல்லாத வண்டி அவளுக்குச் சுகமாக இருந்தது. அந்தச் சுகத்தை நினைத்தால் இப்போது உடம்பு கூசியது.

பிறகு ரூபினி, "ஹாரன் அடிக்கலாமா?" என்றாள்.

பிரமிளா ஜன்னல் கண்ணாடியை இறக்கி, தலையை வெளியே நீட்டி, விளையாட்டாக, பள்ளிக்கூடத்தில் வாத்தியார் பெயர் கூப்பிடுகிற மாதிரி நீட்டிக் கூவினாள். "அம்சவள்ளீ..."

வண்டிக்குள் எல்லாரும் அவளைத் திரும்பிப் பார்த்தார்கள். கணவனின் அக்கா பெயரைப் பிரமிளா வாயால் சொல்லி யாரும் கேட்டதில்லை. தம்பிகளுக்கு அவள் அக்கா. பிரமிளாவுக்கு அண்ணி. பெற்றவர்கள் போன பிறகு அந்தப் பெயரைச் சொல்லி அழைக்க உலகத்தில் ஒருவரும் மிச்சமில்லை. பவனேஷ் முதலில் சிரித்தான். பிறகு எல்லாரும் சிரித்தார்கள்.

"வந்துட்டேன்," என்று உடனே பதில் வந்தது.

வலப்பக்கத்திலிருந்து வந்தது. பின்கண்ணாடி வழியாகப் பிரமிளா பார்த்தாள். வலப்பக்க மரங்களுக்குள்ளிருந்து வெளியேறி, கால்வாயைத் தாண்டி, வண்டியின் பின்னால் சுற்றி வந்து, கதவை இழுத்து ஏறி உட்கார்ந்தாள் அண்ணி. ஓடவில்லை. மூச்சு வாங்கவில்லை. சாலையைக் கடந்து அந்தப் பக்கம் போயிருப்பாள் என்று பிரமிளா நினைத்துக்கொண்டாள். நினைத்துக்கொள்ள வேண்டியிருந்தது.

"அக்கா, முறுக்கு வேணுமா?" இப்போது ரூபினி பொட்டலத்தைப் பின்னால் நீட்டினாள்.

"வந்துட்டேன்."

ரூபினி சிரித்தாள். "தூக்கத்துல பேசுது."

"அக்கா," என்றான் சுகுமாறன், சாலையைப் பார்த்தபடியே. "வீட்டுச் சாவி உன் பையிலதான இருக்கு?"

"வந்துட்டேன்."

அதே குரல். அதே இழுப்பு. முதல்முறை வந்த பதிலுக்கும் இதற்கும் இம்மி வித்தியாசமில்லை. சுகுமாறனின் விரல்கள் ஸ்டீயரிங்கில் இறுகுவதைப் பிரமிளா பார்த்தாள். அவனும் கண்ணாடியில் பின்னால் பார்த்தான். பார்த்தவன் உடனே கண்ணை எடுத்துவிட்டான்.

சொல்ல வேண்டும். சொன்னால் வளைவைத் தாண்டிப் போகச் சொன்னது ஏன் என்ற கேள்வி வரும். சொல்லாவிட்டால் அங்கே, அந்த இருட்டில், காலில் ஆறாத புண்ணோடு ஒருத்தி ஹாரன் சத்தத்துக்காகக் காது கொடுத்து நின்றுகொண்டிருப்பாள். ஊசி போட்டுக்கொள்ள வேண்டிய நேரம் வேறு தாண்டிவிட்டது.

"வண்டிய திருப்புங்க," என்றாள்.

"எதுக்கு?"

"அண்ணிய அங்கேயே விட்டுட்டு வந்துட்டோம்."

யாரும் சிரிக்கவில்லை. பவனேஷ் தன் இருக்கையில் முன்னுக்கு நகர்ந்தான். ரூபினி நீட்டிய கையை மெல்ல இழுத்துக்கொண்டாள். கடைசி இருக்கையில் எந்த அசைவும் இல்லை. சுகுமாறன் வண்டியைத் திருப்பினான்.

போகும் வழியெல்லாம் பிரமிளா மனத்துக்குள் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே வந்தாள். நாளைக்குக் காலையில் நான் எழுந்து சமைக்கிறேன் அண்ணி. உங்கள் அறைக்கு மின்விசிறி மாற்றச் சொல்கிறேன். இனி ஒரு சொல் சொல்ல மாட்டேன். நீங்கள் மட்டும் அங்கே இருங்கள்.

முழுதாக இருட்டிவிட்டது. மரங்கள் சாலைக்கு மேல் கவிந்திருந்தன. விளக்கு வெளிச்சத்தில் ஈரத் தார் மினுங்கியது. ஈசல் கண்ணாடியில் மோதியது. வளைவு வந்தது.

திரும்பினார்கள்.

அண்ணி நின்றிருந்தாள்.

இப்போது வலப்பக்கமாகிவிட்ட ஓரத்தில், இறங்கிய அதே இடத்தில். பச்சைப் பஞ்சாபி உடை நனைந்து உடம்பில் ஒட்டியிருந்தது. வெளிச்சம் கூசக் கையைக் கண்ணுக்கு மறைத்துக்கொண்டாள். பிரமிளாவுக்கு அழுகை வந்தது. கதவுப் பிடியில் கை வைத்தாள்.

"இரு," என்றான் சுகுமாறன்.

அவளுக்குப் பின்னால், அடுத்த மரத்தருகே, இன்னொருத்தி. பச்சை உடை. கண்ணுக்கு மறைத்த கை.

அதற்கடுத்த மரத்தருகே ஒருத்தி. அதற்கும் அப்பால். வரிசை வரிசையாக. விளக்கு வெளிச்சம் எட்டும் தூரம் வரை. எட்டாத இருட்டிலும் ஏதோ அசைந்தது. சாலையின் மறுபக்கமும்.

ரூபினி வாயைப் பொத்திக்கொண்டாள்.

"எது அக்கா?" என்றான் சுகுமாறன். "பிரமிளா, நீதான வீட்ல கூடவே இருக்க. நான் ஷிஃப்ட்டு ஷிஃப்ட்டுன்னு ஓடிட்டேன். எதுன்னு பாத்துச் சொல்லு."

அவர்கள் கையை இறக்கினார்கள். எல்லாரும். முகங்கள் தெரிந்தன.

பிரமிளா பார்த்தாள். முதல் முகத்தில் இடக் கன்னத்தில் மச்சம். அடுத்ததில் வலக் கன்னத்தில். இன்னொன்றில் மச்சமே இல்லை. ஒருத்திக்கு நெற்றியில் தழும்பு. ஒருத்திக்கு முன்பல் உடைந்திருந்தது. அண்ணிக்கு மச்சம் எந்தப் பக்கம்? மச்சம் உண்டா? கல்யாணமாகி வந்த நாளிலிருந்து ஒரே கூரையின் கீழ். அண்ணியின் இருமல் தெரியும். செருப்பை இழுத்து நடக்கும் சத்தம் தெரியும். எரிச்சலூட்டியதெல்லாம் தெரியும். முகம் தெரியவில்லை. அவள் அந்த முகத்தை நின்று பார்த்ததே இல்லை.

கூப்பிட்டால் தெரியும். எப்படிக் கூப்பிடுவது?

முதலில் நின்றவளின் கண்ணிலிருந்து நீர் வழிந்தது. உதடு நடுங்கியது. இவள்தான், இவளேதான் என்று பிரமிளா விரலை நீட்டினாள்.

அடுத்தவளும் அழுதாள். அதற்கடுத்தவளும். மரம் மரமாக அழுகை இருட்டுக்குள் போயிற்று. சத்தமே இல்லை.

"அண்ணி," என்றாள் பிரமிளா. நீட்டிய விரலை மடக்கிக்கொண்டாள். "அண்ணி, என்னை மன்னிச்சிடுங்க. நீங்களே வந்துடுங்க."

மரத்தடியில் நின்றவர்கள் எல்லாரும் அவளைப் பார்த்தார்கள்.

எல்லாரும் ஓரடி எடுத்து வைத்தார்கள்.

வண்டியின் பின்னால் கதவு இழுபடும் சத்தம் கேட்டது. அவர்கள் நால்வரில் யாரும் அதைத் தொடவில்லை. பவனேஷும் ரூபினியும் ஒருவரை ஒருவர் கட்டிக்கொண்டு மறுபக்கம் ஒடுங்கியிருந்தார்கள். கடைசி இருக்கையில் இருந்த அது, நீண்ட ஈரக் கையால் கதவை முழுதாகத் திறந்துவிட்டு, வண்டியை நோக்கி வருகிறவர்களைப் பார்த்துச் சிரித்து, நகர்ந்து உட்கார்ந்து, பக்கத்தில் இடம் விட்டது.