அத்தை ஜன்னலுக்கு அசைகிற செடி

வாண்டுவின் அத்தை பஸ் ஓட்டுபவர். நாள் முழுவதும் அவருக்குக் கண்ணெதிரே சாலை ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். அப்படிப்பட்டவர் வீட்டுப் படியில் வழுக்கி விழுந்து, காலில் மாவுக்கட்டோடு பின்னறைக் கட்டிலில் கிடந்தார். ஓடுகிற பஸ்ஸில் ஒன்றும் ஆகவில்லை, ஓடாத படியில் கால் உடைந்தது. இந்தக் கூத்தை யாரிடம் போய்ச் சொல்ல?

பின்னறைக்கு ஒரே ஒரு ஜன்னல். எட்டிப் பார்த்தால் ஒரு குறுகிய சந்து, அதற்கு அப்பால் பக்கத்து வீட்டு மதில்.

“காலையிலேருந்து பாக்கறேன், இந்தச் சுவர் கொஞ்சமாவது நகருதா பாரு,” என்றார் அத்தை.

“சுவர் எப்படி அத்தை நகரும்?”

“அதைத்தான் நானும் சொல்றேன்.”

முதலில் இதெல்லாம் வேடிக்கையாகத்தான் இருந்தது. போகப் போக அத்தை பேசுவதே குறைந்துவிட்டது. சாப்பாட்டுத் தட்டு பாதியோடு திரும்பி வந்தது. வாண்டுவுக்கு மனசு கேட்கவில்லை.

அப்பாவை நச்சரித்து நர்சரிக்கு இழுத்துப் போனாள். இருப்பதிலேயே பளிச்சென்ற சிவப்புப் பூச்செடிகளாகப் பார்த்து வாங்கினாள். ஜன்னலுக்கு நேர் கீழே நட்டாள்.

அவை பூவை உதிர்த்தன. பிறகு இலையை உதிர்த்தன. வாண்டு இன்னும் தண்ணீர் ஊற்றினாள். அவை மொத்தமாகச் சாய்ந்தே விட்டன.

“என்னை மாதிரியே படுத்துடுச்சு,” என்று சொன்ன அத்தை, ஜன்னல் திரையை இழுத்து மூடினார். அதன் பிறகு திறக்கவே இல்லை.

வாண்டு அழாத குறைதான். நல்லது செய்யப் போய் இப்படியா ஆக வேண்டும்?

சந்தில் உட்கார்ந்து மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தபோதுதான் அதைப் பார்த்தாள். தண்ணீர்க் குழாய் கசிகிற இடத்தில், சுவர் வெடிப்பில், ஒரு பெரணிச் செடி. சீப்பு மாதிரி இலைகள். யாரும் நடவில்லை, யாரும் கவனிக்கவில்லை. ஆனாலும் தளதளவென்று இருந்தது.

“உனக்கு மட்டும் எப்படி இந்த இடம் பிடிச்சுது?” என்று அதையே கேட்டாள். அது பதில் சொல்லவில்லை. பதிலை வாண்டுதான் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை முழுவதும் சாக்குக்கட்டியும் கையுமாகச் சந்தில் இருந்தாள். நிழல் எங்கே முடிகிறதோ அங்கே ஒரு கோடு. நிழல் நகர்ந்தால் இன்னொரு கோடு.

“தரையெல்லாம் கிறுக்கி வச்சிருக்கே,” என்றார் அப்பா.

“கிறுக்கல் இல்லப்பா, வெயில்,” என்றாள் வாண்டு.

சாயங்காலம் விஷயம் தெளிவாகிவிட்டது. ஜன்னலுக்குக் கீழே வெயில் எட்டிக்கூடப் பார்ப்பதில்லை. சந்தின் முனையில் மட்டும் மதியத்துக்கு மேல் நன்றாக அடிக்கிறது.

மறுநாள் நர்சரிக்கு ஓடினாள்.

“அக்கா, வெயிலே வேணாம்னு சொல்ற செடி இருக்கா?”

நர்சரி அக்கா சிரித்தார். “எல்லாரும் எது பெரிய பூன்னு கேப்பாங்க. நீ இடத்தைச் சொல்லிச் செடியைக் கேக்கறே. வா.”

பெரணியிலேயே இரண்டு மூன்று வகை எடுத்துக் கொடுத்தார். கூடவே, இலையில் வெள்ளைக் கோடு போட்ட ஓர் அலங்காரச் செடியும் தந்தார். “இது இருட்டுலயும் பளிச்சுன்னு தெரியும். எதையும் வருஷா வருஷம் பிடுங்கி நட வேணாம். இருக்கற இடத்துலயே தழைக்கும்.”

“சந்து முனையில வெயில் இருக்குக்கா. அங்கே அசையற மாதிரி ஏதாவது வேணும்.”

“அசையறதா? செடி என்ன டான்ஸ் ஆடுமா?”

அந்த நேரம் பார்த்து வெளியே ஒரு பஸ் விருட்டென்று போனது. நர்சரி வேலியோரம் நின்ற உயரமான புல், வெள்ளிநிறக் கதிர்களோடு சாய்ந்து நிமிர்ந்தது. வாண்டு வாயைப் பிளந்தாள்.

“அக்கா, அது.”

“அதுவா? அதை நான் வைக்கல. இந்த மண்ணுல தானா வர்ற புல்லு. வேணும்னா வேர்மண்ணோட ஒரு குத்து தோண்டித் தரேன்.”

அன்று சாயங்காலமே எல்லாவற்றையும் நட்டு முடித்தாள். ஜன்னலடியில் பெரணிகளும் கோடு போட்ட செடியும். முனையில் புல்.

ஜன்னலைத் தட்டினாள். “அத்தை, கொஞ்சம் திரையைத் திறங்களேன்.”

“அப்புறம் பாக்கறேன்டா கண்ணு,” என்று உள்ளேயிருந்து குரல் மட்டும் வந்தது. வாண்டு முகம் தொங்கிப்போய் உள்ளே வந்தாள்.

இங்கே அப்பாவைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அவர் தையற்காரர். எங்கே பிசிறு நீட்டிக்கொண்டிருந்தாலும் அவர் கை சும்மா இருக்காது. மறுநாள் காலையில் பல் தேய்த்தபடி சந்துக்கு வந்தவர், புல்லைப் பார்த்தார். கதிரெல்லாம் பிசிறு பிசிறாக நீட்டிக்கொண்டிருந்தது. நேரே போய்க் கத்தரிக்கோலோடு வந்தார்.

“அப்பா, வேணாம்பா,” என்று வாண்டு ஓடி வந்தாள்.

“களைம்மா இது. ஒட்ட வெட்டிட்டா சுத்தமா இருக்கும்.”

கத்தரிக்கோல் வாயைத் திறந்தது.

“பாம்ம்ம். பாம்ம்ம்.”

அப்பா துள்ளிக் குதித்தார். ஹாரன் சத்தம் ஜன்னலிலிருந்து வந்தது. திரை ஓரமாக ஒதுங்கியிருந்தது. அத்தை கைகளை வாயருகே குவித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

“அண்ணா, ரோட்டை மறிச்சுக்கிட்டு நிக்கறே. ஓரமாப் போ.”

“ரோடா? எங்கே இருக்கு ரோடு?”

சந்துக்குள் காற்று நுழைந்தது. புல் சாய்ந்தது, நிமிர்ந்தது. கதிர்கள் ஒன்றன்பின் ஒன்றாக அலைந்தன.

“அதோ போகுது பாரு,” என்றார் அத்தை. “விடிஞ்சதுலேருந்து பாத்துக்கிட்டு இருக்கேன். நின்ன இடத்துல நிக்க மாட்டேங்குது. மனசுக்கு எவ்வளவு நல்லா இருக்கு தெரியுமா?”

அப்பா கத்தரிக்கோலைச் சட்டைப் பையில் செருகிக்கொண்டார். “சரி, கட்டிலை ஜன்னலோரமாத் தள்ளிப் போடட்டுமா?”

“இதைக் கேக்கணுமா? டிரைவர் சீட் வேற எங்கே இருக்கும்?”

கட்டில் நகர்ந்தது. அத்தை தலையணையில் சாய்ந்துகொண்டு வாண்டுவைப் பார்த்தார்.

“என்ன கண்டக்டர், வேடிக்கை பாத்துக்கிட்டு நிக்கறீங்க? சீக்கிரம் ஏறுங்க.”

வாண்டு மண் ஒட்டிய காலோடு கட்டிலில் ஏறி, அத்தையின் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

“போலாம் ரைட்,” என்றாள். வெளியே காற்று அடித்தது. வண்டி கிளம்பியது.