அறிந்ததாகக் கொள்ளப்படும்

தவமணி அந்தச் சோதனையை நடத்தியது ஐப்பசியிலா கார்த்திகையிலா என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை. மழை பெய்துகொண்டிருந்ததாக நினைவு. ஆனால் வேலங்குடாவில் அந்த ஆண்டுகளில் மழை மாதம் பார்த்துப் பெய்யவில்லை. சோதனைக்கு வந்தவர்கள் பன்னிரண்டு பேர் என்பது ஆவணத்தில் இருக்கிறது. மற்றவற்றில் சிலவற்றை நானே இட்டு நிரப்பியிருக்கலாம். அவர்களில் ஒருத்தியான ஜெசிந்தா சொன்ன ஒரு வாக்கியத்தில் மட்டும் எனக்கு ஐயமில்லை.

அரசிடமிருந்து கடிதம் வருவது நின்று அப்போது ஒன்பது ஆண்டுகள் ஆகியிருந்தன. அறிவிப்புப் பலகை இல்லை, தண்டோரா இல்லை, கைப்பேசிச் செய்தியும் இல்லை. எல்லாம் அரசுத் தளத்தில் இருந்தது. கண்டடைவுமானி வந்தபின் வந்த மாற்றம் அது. நெற்றியில் கட்டும் ஒரு பட்டை, திரையின் மேல் ஒரு சிறு கண். ஒருவர் ஒரு தகவலைத் தேடும்போது அவர் பார்வை எங்கெங்கே போகிறது, எத்தனை நொடியில் கண்டடைகிறார் என்று அது அளந்துவிடும். பன்னிரண்டு பேரில் ஒன்பது பேர் தொண்ணூறு நொடிக்குள் கண்டடைந்தால் அந்தத் தளத்துக்கு முத்திரை. முத்திரை விழுந்த தளத்தில் வெளியாகும் எதையும், வெளியான கணத்திலிருந்து, மக்கள் எல்லாரும் அறிந்ததாகக் கொள்ளப்படும். அறிந்தமைச் சட்டத்தின் முதல் வரியே அதுதான்.

வசதி உள்ளவர்கள் வீட்டில் ஒரு தேடுநரை வேலைக்கு வைத்துக்கொண்டார்கள். காலையில் அவர் தளங்களை அலசி, குடும்பத்துக்கு என்ன நேர்ந்திருக்கிறது என்று சொல்வார். மற்றவர்கள் நேர்ந்தபின் தெரிந்துகொண்டார்கள்.

தவமணி சோதனையாளர். பதினோரு ஆண்டாகச் சும்மா உட்கார்ந்திருப்பதுதான் அவள் தொழில். தேடுபவருக்கு உதவக் கூடாது, தலையசைக்கக் கூடாது, 'ம்' கொட்டக் கூடாது. பேச்சு குறைந்தவள் என்பதால் அவளுக்கு அது எளிதாக வந்தது.

அன்று சோதித்தது நிலநீர்க் கணக்கெடுப்புத் தளம். கடலோரத் தெரு ஒவ்வொன்றின் மண்ணையும் அளந்து, கடல் ஏறிவந்தால் 'தாங்கும்', 'தாங்காது' என்று வகுத்திருந்தார்கள். தாங்காத தெருவுக்கு மின்சாரமும் குடிநீரும் நிற்கும். மக்கள் உள்நாட்டுக்குப் போக வேண்டும். முப்பது நாளுக்குள் ஒரே ஒருவர் ஆட்சேபித்தாலும் போதும், அதிகாரிகள் நேரில் வந்து மறுபடி அளந்தாக வேண்டும். முடிவுகள் இன்னும் வெளியாகவில்லை. சோதனைக்காக எல்லாத் தெருவுக்கும் 'தாங்கும்' என்று பொய்யாகப் போட்டிருந்தார்கள்.

பதினொரு பேர் முடித்திருந்தார்கள். எட்டுப் பேர் கண்டடைந்தார்கள், மூவர் தோற்றார்கள். பன்னிரண்டாவதாக வந்தவள் ஜெசிந்தா. குருசடித் தெருவில் கருவாடு போடுகிறவள், ஐம்பதைத் தாண்டியவள்.

"இத நெத்தியில கட்டுனா என் புத்தி வெளிய தெரிஞ்சிருமா?"

"உங்களச் சோதிக்கலக்கா. தளத்தத்தான் சோதிக்கிறோம். நீங்க எது செஞ்சாலும் தப்பு இல்ல."

"தப்பு இல்லன்னு சொல்ற சர்க்கார் ஆபீசா? இரு, திருவாரூர்லேர்ந்து என் தங்கச்சிய வரச்சொல்றேன், அவளும் பாக்கட்டும்."

உங்கள் தெரு எந்த வகுப்பில் இருக்கிறது என்று கண்டுபிடியுங்கள் என்பது கேள்வி. ஜெசிந்தா 'வீடு' என்ற சொல்லைத் தொட்டாள். இல்லை. 'கடற்கரை'யைத் தொட்டாள். இல்லை. 'குடும்பம்'. அங்கேயும் இல்லை. தெருப்பட்டியல் வலது கீழ் மூலையில் 'உவர்ப்பு அட்டவணைகள்' என்பதற்குள் கிடந்தது. தன் வீட்டைத் தேடுகிறவர் எவர் அங்கே போவார்? தவமணி மேசைக்கு அந்தப்பக்கம், திரை தெரியும்படி, வாய் திறக்காமல் உட்கார்ந்திருந்தாள். எழுபத்தொன்றாவது நொடியில் ஜெசிந்தாவின் விரல் நேராக அந்த மூலைக்குப் போனது. எண்பத்து நான்கில் தெரு கிடைத்தது. பச்சை விளக்கு எரிந்தது. ஒன்பது.

பட்டையைக் கழற்றும்போது தவமணி கேட்டாள். "எப்படிக்கா அதப் போய்த் தொட்டீங்க?"

"நீதானம்மா அந்த மூலையையே பாத்துக்கிட்டு இருந்த."

ஜெசிந்தா சிரித்துக்கொண்டே தொடர்ந்தாள். "ஆபீசுல எதத் தொடுறதா இருந்தாலும் மேசைக்கு அந்தாண்ட இருக்கவங்க மூஞ்சியப் பாத்துட்டுத்தான தொடுவோம்? மொகஞ் சுளிச்சா கைய எடுத்துக்கணும். இதெல்லாம் சொல்லியா குடுப்பாங்க?"

அவள் போனபின் தவமணி பன்னிரண்டு பேரின் பார்வைத் தடங்களையும் ஒன்றன்பின் ஒன்றாகப் போட்டுப் பார்த்தாள். வென்ற ஒன்பது பேரின் தடமும், சரியான இடத்தைத் தொடுவதற்குச் சற்று முன்னால், திரையை விட்டு வெளியே போயிருந்தது. கருவி அதை 'ஓய்வு' என்று குறித்திருந்தது. தோற்ற மூவர் ஒரு முறைகூட ஓய்வெடுக்கவில்லை.

மேலாளர் கோதண்டபாணியிடம் போனாள். அவர் கெட்டவர் இல்லை. தடங்களைப் பொறுமையாகப் பார்த்தார்.

"சார், அது ஓய்வு இல்ல. என் முகம்."

"புரியுது. ஆனா சோதனையாளருக்குக் கண்ணு உண்டுன்னு சட்டத்துல எங்கயும் இல்லையேம்மா."

"வேற பன்னெண்டு பேரக் கூப்பிடுவோம். நான் அறையிலயே இருக்க மாட்டேன்."

"பதினோரு வருஷமா நீங்க வாங்கிக் குடுத்த முத்திரையெல்லாம் என்ன ஆகும்? யோசிச்சுப் பேசுங்க." பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னார். "எழுதிக் குடுங்க. மேல அனுப்புறேன். அனுப்ப மாட்டேன்னு நினைக்காதீங்க."

நான்கு பக்கம் எழுதிக் கொடுத்தாள். அவர் அன்றைக்கே அனுப்பினார். அதன்பின் தவமணி காத்திருந்தாள். குறிப்பு பரிசீலனையில் இருக்கும்வரை முடிவுகளை வெளியிட மாட்டார்கள் என்று நம்பினாள். யாரோ ஒருவர் கூப்பிட்டு விசாரிப்பார் என்று எதிர்பார்த்தாள். மனிதர் மனிதருக்குச் சொல்லும் வழக்கம் போய்விட்டது என்பதை, அந்த வழக்கத்தை ஒழித்த துறையிலேயே வேலை பார்த்த அவள் மறந்துபோனாள். வீட்டில் தனியாக இருந்தவள். நாட்கள் ஓசையின்றிக் கழிந்தன. குருசடித் தெருவுக்குப் போய்வரலாமா என்று ஒரு நாள் தோன்றியது. சோதனைக்கு வந்தவர்களைச் சந்திக்கக் கூடாது என்பது விதி. போனாலும் சொல்ல என்ன இருக்கிறது என்று இருந்துவிட்டாள்.

ஐந்தாவது வாரம் ஜெசிந்தா அலுவலக வாசலில் வந்து நின்றாள். கையில் உப்பு காய்ந்திருந்தது.

"எங்க தெருவுல கரண்டு கம்பத்தப் புடுங்குறாங்கம்மா. கேட்டா, ஒங்களுக்குத்தான் தெரியுமேங்குறான். எங்களுக்கு என்னம்மா தெரியும்?"

தவமணி தளத்தைத் திறந்தாள். வழி தெரிந்த அவளுக்கே நாற்பது நொடி ஆனது. குருசடித் தெரு: தாங்காது. காரணம்: மண்ணில் உவர்ப்பு மிகுதி, கடல்நீர் புகுந்ததன் அறிகுறி. ஆட்சேபம்: இல்லை. அவள் குறிப்பு கொடுத்த மறுநாளே முடிவுகள் வெளியாகியிருந்தன.

கீழே ஒரு பின்னிணைப்பு. அவளுடைய நான்கு பக்கங்களும் ஒரு சொல் குறையாமல் அதில் இருந்தன. கடைசியில் ஒரு வரி சேர்த்திருந்தார்கள். 'சோதனை முறையில் குறை உண்டு எனச் சோதனையாளர் தெரிவித்த இக்குறிப்பு, முத்திரை பெற்ற தளத்தில் வெளியானதால், மக்கள் அனைவரும் அறிந்ததாகக் கொள்ளப்படும். முப்பது நாளில் எவரும் ஆட்சேபிக்கவில்லை. சோதனையாளர் உட்பட.'

ஜெசிந்தா எழுத்துக்கூட்டிப் படித்தாள். "உவர்ப்புன்னா உப்புதான?"

"ஆமாக்கா."

"அடிப்பாவி. அது மீனு உப்புப் போடுற மண்ணும்மா. எங்க அப்பன் காலத்துலேர்ந்து மீனு ஊறுன தொட்டித் தண்ணிய அங்கதான கொட்டுறோம். இத ஒரு வார்த்த கேட்டிருந்தா நான் சொல்லியிருப்பனே."

ஜெசிந்தா கையில் காய்ந்திருந்த உப்பை மேசைமேல் தட்டிவிட்டுத் தெருவுக்குத் திரும்பினாள்.

குருசடித் தெருவின் இருநூற்றுப் பதினாறு வீடுகளும் அந்த மாதமே காலியாயின. ஜெசிந்தா திருவாரூர்ப் பக்கம் தங்கை வீட்டுக்குப் போய், இரண்டு ஆண்டுக்குப்பின் அங்கேயே இறந்தாள். கோதண்டபாணி ஓய்வு பெற்றார். தவமணி வேலையை விட்டுவிட்டுத் திருச்சியில் ஒரு பணக்காரக் குடும்பத்துக்குத் தேடுநராக இருக்கிறாள். கடல் இன்றுவரை குருசடித் தெருவுக்கு வரவில்லை.