ஸ்கெல்பியில் வாசித்த பெயர்

"இண்டைக்கு உன்ர பிள்ளையின்ர பிறந்தநாள் எண்டாவது ஞாபகம் இருக்கோ, நாயகி?"

குசினி வாசலில் நின்று கலாவதி கேட்டாள். தலைமுழுகி, விபூதி பூசி, விம்பிள்டன் கோயிலுக்குப் புறப்பட்டு நின்றாள். தவநாயகி புட்டை இறக்கி வைத்துவிட்டுக் கதிரையில் கிடந்த குளிர்ச்சட்டையை எடுத்தாள்.

"பெத்த பிள்ளைக்கு ஒரு அருச்சனை செய்ய மனமில்லாத தாயை நான் எங்கையும் காணேல்லை. கல்லு நெஞ்சு உனக்கு. தம்பியும் இதை நினைச்சு நினைச்சுத்தான் போனவன்…"

கலாவதி, காலமாகிவிட்ட பாலேந்திராவின் அக்கா. பிள்ளையில்லாதவள். பாலேந்திராவும் தவநாயகியும் கைக்குழந்தை நிசாந்தனோடு நாட்டைவிட்டு ஓடிவந்தபோது, மூத்தவன் கீர்த்தனனை வன்னியில் அவளிடம்தான் விட்டுவந்தார்கள். பிறகு கூப்பிடலாம் என்றிருந்தார்கள். விசா வரவில்லை. போரின் கடைசி நாட்களில், உயிர் தப்பத் தாண்டவேண்டிய வட்டுவாகல் பாலத்தடியில், சன நெரிசலுக்குள் கலாவதியின் பிடியிலிருந்து அவன் நழுவிப்போனான். அதற்குப் பிறகு அவனைக் கண்டதாக ஒருவரும் சொல்லவில்லை.

முகாமில் கிடந்து மீண்டு அவள் தம்பியிடம் வந்து சேர்ந்தாள். லண்டன் தோர்ண்டன் ஹீத் வீட்டில் இன்றைக்கும் விடியப்புறம் எழும்பி முன்கதவைத் திறப்பாள். "கீர்த்தனன் மாமி எண்டு கூப்பிட்டவன்" என்பாள். தெருவில் ஒருவரும் இருக்கமாட்டார்கள். தவநாயகி போய் அவள் தோளில் சால்வையைப் போட்டுவிட்டுப் பக்கத்தில் நிற்பாள். சில நாள் தவநாயகிக்கும் அந்தக் குரல் கேட்பதுபோல இருக்கும். அதை அவள் சொன்னதில்லை.

ஒவ்வொரு பிறந்தநாளுக்கும் கலாவதி அவனுடைய ஆயுளுக்காக அருச்சனை செய்வாள். அன்றைக்கென்று பார்த்துத் தவநாயகி வடக்கே ஸ்கெல்பிக்குப் போய்விடுவாள். முன்பு அவர்கள் கடை வைத்திருந்த, நிலக்கரிச் சுரங்கம் மூடிப்போன ஊர் அது.

இம்முறை ரயில் ஓடவில்லை. நிசாந்தன் காரை எடுத்தான். கலாவதி விறுக்கென்று வந்து பின் இருக்கையில் ஏறினாள்.

"பிள்ளையிலும் பெரிசா அங்கை என்ன கிடக்கெண்டு நானும் ஒருக்கா பாக்கிறன்."

"வேண்டாம் மச்சாள். குளிர். உங்களுக்கு ஏலாது" என்றாள் தவநாயகி. அவள் முகம் வெளுத்திருந்தது.

"ஏன், நான் பாக்கக்கூடாததோ?"

"அம்மா, மாமியும் வரட்டுமே" என்றான் நிசாந்தன். தவநாயகி கண்ணாடிக்கு வெளியே பார்த்துக்கொண்டு இருந்தாள்.

ஸ்கெல்பியில் மழை தூறிக்கொண்டிருந்தது. சிவப்புச் செங்கல் வீடுகள் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு நின்றன. கரி தோண்டி நிலத்துக்கடி கோறையாகிப் பள்ளம் விழுந்ததால் சில வீடுகள் ஒருபக்கம் சரிந்திருந்தன. சுரங்கவாய் இருந்த மேட்டில், நினைவுச் சின்னமாகப் பாதி புதைத்த பெரிய இரும்புச் சக்கரத்துக்கு முன்னால் ஊரே கூடியிருந்தது. ஒரு கிழவி வந்து தவநாயகியைக் கட்டிக்கொண்டாள்.

அவள் பெயர் மொறீன். சுரங்கத்தார் வேலைநிறுத்தம் செய்த வருடம் ஊருக்கே சமைத்துப் போட்டவள். அவளுடைய தாத்தா இன்னும் அந்த மேட்டுக்குக் கீழேதான் இருக்கிறார். நூறு வருடத்துக்கு முன் உள்ளே வெடித்துத் தீப்பற்றியபோது, நெருப்பை அணைக்க வேறு வழியில்லையென்று ஆட்களோடு சேர்த்தே சுரங்கவாயை மூடிவிட்டார்கள். பெண்கள் நிலத்தில் காதை வைத்துப் படுத்துக் கிடந்தார்களாம். அடியிலிருந்து தட்டும் சத்தம் கேட்டது என்று சாகும்வரை சொன்னவர்கள் உண்டு. ஒரு உடலும் மேலே வரவில்லை. ஒவ்வொரு வருடமும் இதே நாளில் ஊர் அவர்களை நினைத்துக் கூடும்.

வாத்தியக்காரர் வாசித்து ஓய்ந்தார்கள். ஒரு முதியவர் இறந்தவர்களின் பெயர்களை ஒவ்வொன்றாகச் சொன்னார். எல்லாம் முடிந்தது என்று நிசாந்தன் நினைத்தபோது, அவர் தொண்டையைச் செருமி, தெரியாத மொழியின் எழுத்துகளைக் கவனமாகப் பிரித்து இன்னொரு பெயரைச் சொன்னார்.

"கீர்த்தனன் பாலேந்திரா."

ஊர் தலைகுனிந்து நின்றது. கலாவதிக்கு இங்கிலீசு அவ்வளவு ஓடாது. ஆனால் அந்தப் பெயர் விளங்கியது. ஆர் பெயர்களை வாசிக்கிறார்கள் என்பதும் விளங்கியது.

"செத்த ஆக்களோட ஏன் அவன்ர பேரைச் சொல்லுகினம், நாயகி?"

தவநாயகி அவளைப் பக்கத்திலிருந்த மர வாங்கில் இருத்தினாள்.

"அவன் இல்லை மச்சாள். எங்கட ஊர்ப் பெடியன் கஸ்பர்தான் அவனை மண்ணிலை தாட்டவன். பிரான்சிலையிருந்து என்னைத் தேடிவந்து சொன்னவன். நீங்கள் இங்கை வாறதுக்கு முதலே எனக்குத் தெரியும்."

"அப்ப ஏன்… இவ்வளவு காலமும்…"

தவநாயகி நிலத்தைப் பார்த்தாள்.

"இல்லாத பிள்ளைக்கு ஆயுள் கேட்டுச் சாமிக்கு முன்னால நிக்க எனக்கு ஏலாமல் போச்சுது. வீட்டிலை அழவும் ஏலாது. மொறீனிட்டை மட்டும் சொன்னன். அவை தங்கட ஆக்களோட அவனையும் சேர்த்துக்கொண்டினம்."

கலாவதி அவளை நிமிர்ந்து பார்த்தாள். "பாலத்தைத் தாண்டினவனோ அவன்?"

"தாண்டினவன்."

"அப்ப எப்பிடி…"

தவநாயகி அவள் கையை இறுக்கிப் பிடித்தாள். அந்தப் பிடியிலேயே கலாவதிக்கு எல்லாம் விளங்கிவிட்டது.

"என்னைத் தேடித் திரும்பி வந்தவன். என்ன? சொல்லு நாயகி."

"ஓம் மச்சாள்."

கலாவதியின் வாயிலிருந்து வந்த ஓலத்தில் மேட்டிலிருந்த காகங்கள் எழும்பின. ஊர்ச்சனம் ஒருவரும் முகத்தைத் திருப்பவில்லை. ஆண்கள் தொப்பியைக் கழற்றிப் பிடித்துக்கொண்டு நின்றார்கள்.

"நான்தான் அவனைக் கொன்றவள்… இதை என்னட்டை மறைக்கவோ நீ இவ்வளவு பேச்சும் வாங்கினனீ? கல்லு எண்டு திட்டேக்கையும் வாய் திறக்கேல்லையே…"

"நீங்கள் கொல்லேல்லை." தவநாயகி அவள் முகத்தை இரண்டு கைகளாலும் ஏந்தினாள். "பெத்ததோட நான் வந்திட்டன். காய்ச்சலுக்கும் பசிக்கும் பாத்தது நீங்கள். உங்களை விட்டிட்டு வர அவனுக்கு மனம் வரேல்லை மச்சாள். எந்தப் பிள்ளை தாயை விட்டிட்டு வரும்?"

அந்தச் சொல்லோடு தவநாயகியின் குரலும் உடைந்தது. கணவரின் செத்தவீட்டிலும் அழாதவள், மச்சாளின் மடியில் முகம் புதைத்து அழுதாள். நிசாந்தன் ஓடிவந்து இருவருக்கும் முன்னால் ஈர மண்ணில் முழங்காலில் இருந்தான்.

மழை விட்டபிறகும் அவர்கள் எழும்பவில்லை. கலாவதி சேலைத் தலைப்பால் தவநாயகியின் கண்ணைத் துடைத்தாள்.

"ஐயரிட்டைக் கேப்பம் நாயகி. அந்தியேட்டிக் கிரியை செய்வம். நிசாந்தன் தமையனுக்குக் கொள்ளிக்கடன் செய்யட்டும்." கொஞ்சநேரம் சுரங்க மேட்டைப் பார்த்துக்கொண்டு இருந்தாள். "அழுறதெண்டா இனி வீட்டிலை அழு. நானும் அழுறன்."