பழைய பாஸ்வேர்டு

கூடத்து விளக்கு மங்கி எரிந்தது. கொஞ்சம் பொறுத்து மறுபடியும் மங்கி எரிந்தது.

ஒரு காலத்தில் லேத் பட்டறை வைத்திருந்த பெரியவர் கையில் டம்ளரோடு சமையலறை வாசலில் நின்றுவிட்டார். கரண்ட் கோளாறென்றால் ஃபிரிட்ஜும் முனகியிருக்கும். அது பாட்டுக்கு உறுமிக்கொண்டிருந்தது. சாயங்கால மழை ஜன்னல் தகரத்தில் ஆணி கொட்டுவதுபோல் கொட்டியது. புதுச் சுண்ணாம்பு வாசனைக்கு அடியில் ஈர மண் வாசனை ஒன்று, சாத்தின ஜன்னல்களை மீறி எப்படி வந்ததென்று தெரியாமல், தரையோடு தரையாக ஊர்ந்து வந்தது.

மகன் வேலைதான். வேறு யார்?

மதியம்தான் அவன் வந்து, புதிதாகக் குடிவந்த இந்த வாடகை வீட்டில் புது வைஃபை பெட்டியை மாட்டினான்.

"என்ன பேர் வைக்கட்டும்பா?"

"பழைய வீட்டுல இருந்த பேரையே வை. பாஸ்வேர்டும் அதேதான். புதுசா வச்சா எந்தக் கழுதைக்கு ஞாபகம் இருக்கும்?"

"அதுவும் சரிதான். பழைய விளக்கு, பேசுற டப்பா எல்லாம் கேக்காமலே தானா வந்து ஒட்டிக்கும்."

"கேக்காம உள்ள வர்றவனைத் திருடன்னு சொல்லுவாங்கடா."

மகன் சிரித்தான். "பயப்படாதீங்க. சின்னப் பெட்டி. இதோட எல்லை வீட்டுச் சுவர்தான். வாசல்ல நின்னாக்கூட எடுக்காது."

போனிலேயே விளக்கை ஆட்டிவைக்கலாம் என்றும் அவனேதான் காட்டினான். அப்பாவுக்குப் புத்தி தடுமாறுகிறது, முதியோர் இல்லத்தில் விட்டால் நிம்மதி என்று அவனும் மருமகளும் கொஞ்ச நாளாகவே குசுகுசுக்கிறார்கள். இவர் வாய்விட்டு ஒருமுறை உளறினால் போதும். மூட்டை கட்டிவிடுவார்கள்.

அதனால் போனில் சாதாரணமாகத்தான் கேட்டார். "விளக்கைப் போட்டு விளையாடுறியாடா?"

"நான் வண்டியை ஓரம் கட்டிட்டுப் பேசறேன்பா. விளையாட எனக்கேது நேரம்? விளக்கு மங்குதா? அம்மாவோட அந்த வைஃபை பட்டனை அமுக்கினா அப்படித்தானே மங்கும். அதை எங்க வச்சீங்க?"

கையிலிருந்த டம்ளரை மேடையில் வைத்தார்.

"ஏதோ பெட்டியில கிடக்கும்."

பொய். அது எங்கே இருக்கிறதென்று அவர் ஒருவருக்குத்தான் தெரியும். படுத்த படுக்கையாக இருந்த மனைவி, தண்ணீர் வேண்டுமென்றாலும் புரள வேண்டுமென்றாலும் அதைத்தான் அமுக்குவாள். உயிர் போன பிறகும் விரல்கள் விடவில்லை. பிடுங்க மனசு வராமல், அந்த விரல்களை அப்படியே மூடி, சேலைத் தலைப்பால் மறைத்துத்தான் குழிக்குள் இறக்கச் சொன்னார்.

கூடத்து மூலையிலிருந்த டப்பா பேசியது. மகன் எப்போதோ பதிந்துவைத்த குரல்.

"அப்பா, அம்மா கூப்பிடுறாங்க."

விளக்கு மங்கியது.

"அது டப்பாதானே பேசுது?" என்றான் போனில் மகன். "அப்பா? நான் திரும்பி வரட்டுமா?"

வா என்றால் என்னவென்று சொல்வது? சொன்னால் அந்த இல்லத்துக் கட்டில்தான்.

"வேணாம். நான் பாத்துக்கறேன்."

போனை வைத்தார். வைஃபை பெட்டியின் ஒயரைச் சுவரிலிருந்து பிடுங்கினார். பச்சைப் புள்ளிகள் அணைந்தன. டப்பா அடங்கியது. விளக்கு ஆடாமல் எரிந்தது.

அப்பாடா.

மழையும் விட்டிருந்தது. வீட்டின் அமைதி காதை அடைத்தது.

டிக்.

வைஃபை தேவைப்படாத சத்தம். விரல் அமுக்கும்போது பட்டனே போடும் சத்தம். பெட்டி எட்டும் எல்லை வீட்டுச் சுவர்தான் என்றானே மகன்.

டிக். டிக்.

படுக்கையறையிலிருந்து.

கதவு பாதி திறந்திருந்தது. மண் வாசனை. காலையில் அவர் மடித்துவைத்த போர்வை இப்போது விரிந்திருந்தது. நடுவில் மேடாக. விளிம்பில் ஈரச் சேறு சொட்டிக்கொண்டிருந்தது. கை இருக்கவேண்டிய இடத்தில், துணிக்கு உள்ளே, சின்னதாக ஒரு சிவப்பு வெளிச்சம்.

டிக்.

போர்வை மெல்லப் புரண்டு, அவருக்கு இடம் விட்டு, சுவரோரம் நகர்ந்தது.