தூங்கினால்தான் ஆறும்

ஆபரேஷன் முடிந்து பன்னிரண்டாம் நாள் மத்தியானம் தூங்கி எழுந்தபோது வேதநாயகியின் நெஞ்சில் வீக்கம் இல்லை.

சாப்பிட்டுவிட்டுப் படுக்கும்போது இருந்தது. கழுத்துக் குழிக்குக் கீழே, தையல் தொடங்கும் இடத்தில் அரை எலுமிச்சம்பழம் அளவுக்குப் புடைத்திருந்தது. இடது மார்பு முழுவதும் கனத்து மரத்துக் கிடந்தது. இதயத்தில் பைபாஸ் செய்ய நெஞ்செலும்பைப் பிளந்து திரும்பக் கம்பி போட்டுக் கட்டியிருக்கிறது, வீக்கம் வடிய இரண்டு மூன்று மாதம் பிடிக்கும் என்று சொல்லித்தான் டாக்டர் வீட்டுக்கு அனுப்பினார். இப்போது பார்த்தால், மூச்சுவிட முடியாமல் இறுக்கிப் பிடித்திருந்த நெஞ்சுப் பட்டை தொளதொளவென்று இடுப்புக்கு இறங்கியிருந்தது.

சுந்தரமூர்த்திக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. முப்பத்தெட்டு வருடம் தொழிற்சாலையில் இயந்திரங்களோடு மல்லுக்கட்டி ஓய்வு பெற்றவர். சரியாக ஓடுகிற எதையும் நோண்டக் கூடாது என்பது அவர் கொள்கை. ஹைதராபாத்தில் இருக்கும் மகள் தர்ஷினிக்கு உடனே போன் போட்டார்.

"அம்மாவுக்கு வீக்கமே இல்ல கண்ணு. ரெண்டு வாரம்கூட ஆவல. டாக்டருங்களே அசந்துடுவாங்க பாரு."

வேதநாயகிக்குத் தூக்கத்தில் கேட்ட சத்தத்தை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. பழைய மெட்ராஸ் ரோட்டின் வண்டி இரைச்சலும், மேலே போகும் மெட்ரோ ரயிலின் உறுமலும், ஜோகுபாளையம் சந்தில் காய்கறி வண்டிக்காரர் கன்னடத்தில் கூவுவதும், பக்கத்து வீட்டுக் குக்கர் விசிலும் ஜன்னல் வழியாக வந்துகொண்டிருக்க, அவற்றுக்கெல்லாம் அடியில், அவளுக்குள்ளேயே, கெட்டித் துணியில் நூலை இழுத்து இழுத்து முறுக்குவதுபோல் சர்... சர்... என்று ஒன்று கேட்டுக்கொண்டே இருந்தது. அதற்கு அவசரம் எதுவும் இல்லை. வேலை தெரிந்தவர்கள் செய்வதுபோல் நிதானமாகக் கேட்டது.

வெள்ளிக்கிழமை குளித்துவிட்டு நகைகளை எடுத்தாள். ஆபரேஷனுக்கு முன்னால் தாலியிலிருந்து மெட்டிவரை கழற்றி ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டு, கையெழுத்து வாங்கிக்கொண்டு சுந்தரமூர்த்தியிடம் கொடுத்திருந்தார்கள். மூக்குத்தி நுழையவில்லை. அழுத்திப் பார்த்தாள், எண்ணெய் தடவிப் பார்த்தாள். கண்ணாடிக்கு அருகே போனாள். அடைபட்ட துளை என்றால் ஒரு புள்ளியாவது இருக்க வேண்டும். மூக்கில் புள்ளிகூட இல்லை. இடது காதிலும் இல்லை. ஏழு வயதில் குத்தி, ஐம்பத்து நாலு வருடம் தோடு போட்ட காது பிறந்த குழந்தையின் காதுபோல் மழமழவென்று இருந்தது.

"போடாம வுட்டா தூர்ந்துதான் போவும்," என்றார் சுந்தரமூர்த்தி, பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல்.

வலது காதில் மட்டும் ஊசி முனை அளவுக்கு ஒரு துளை மிச்சமிருந்தது. அதையாவது காப்பாற்றிக்கொள்ளலாம் என்று புதுத் துடைப்பத்திலிருந்து ஈர்க்குச்சி ஒன்றைக் கிள்ளி, தேங்காயெண்ணெயில் தோய்த்து, மெல்லத் திருகிச் செருகிக்கொண்டு படுத்தாள். துளை தூராமல் இருக்க எல்லாப் பெண்களும் செய்வதுதான்.

மூன்று மணிக்கு எழுந்து காதைத் தொட்டாள். குச்சி இல்லை. தலையணையை உதறினாள். இருமும்போது நெஞ்சோடு அணைத்துக்கொள்ள ஆஸ்பத்திரியில் கொடுத்திருந்த குட்டித் தலையணையையும் புரட்டினாள். எங்கேயும் இல்லை. பிறகுதான் காது மடலை இரண்டு விரலால் அழுத்திப் பார்த்தாள். உள்ளே இருந்தது. மடலுக்கு நடுவில், குறுக்காக, கெட்டியாக. முன்னாலும் துளை இல்லை, பின்னாலும் இல்லை. கொஞ்சமும் வலிக்கவில்லை. வலித்திருந்தால் இவ்வளவு பயந்திருக்க மாட்டாள்.

சாயங்காலம் பெர்னதெத் வந்தாள். ஜீவனஹள்ளியிலிருந்து ஒருநாள் விட்டு ஒருநாள் ஸ்கூட்டியில் வந்து கட்டு மாற்றிவிட்டுப் போகும் நர்ஸ். வந்தால் வாய் ஓயாது. பிளாஸ்திரியை உரித்தவள் பேச்சை நிறுத்திவிட்டாள். போன் டார்ச்சை அடித்துப் பார்த்தாள். கழுத்துக் குழியிலிருந்து மேல்வயிறுவரை ஒரு கோடுகூட இல்லை. இதயத்தில் வைக்க ரத்தக்குழாய் எடுத்த காலிலும் இல்லை.

"பதினெட்டு வருஷமா கட்டு மாத்தறேன் ஆண்ட்டி," என்றாள் தாழ்ந்த குரலில். "புண்ணு ஆறும். மார்க் போவாது."

"இதையும் பாரும்மா."

வேதநாயகி நைட்டியை ஒதுக்கி வயிற்றைக் காட்டினாள். தர்ஷினியை எடுத்தபோது கீறிய தழும்பு, முப்பத்திரண்டு வருடத் தழும்பு, அங்கே இல்லை. அதற்கு மேலே தொப்புளும் இல்லை.

பெர்னதெத் சிலுவை போட்டுக்கொண்டாள். மேசையில் வைத்த காபியைத் தொடாமல், கையுறையைக்கூடக் கழற்றாமல் படியிறங்கிப் போனாள். ஸ்கூட்டி இரண்டு முறை இருமிவிட்டுக் கிளம்பும் சத்தம் கேட்டது. அதற்குப் பிறகு அவள் போனை எடுக்கவில்லை.

அன்றைக்குத்தான் வேதநாயகிக்கு விளங்கியது. ஆற வேண்டும் என்று உடம்புக்குத் தெரிந்துவிட்டது. எங்கே நிறுத்த வேண்டும் என்று தெரியவில்லை. திறந்திருப்பதெல்லாம் அதற்குப் புண். தூங்கும்போது மட்டும்தான் அந்த வேலை நடக்கிறது. அப்படியானால் தூங்கக் கூடாது.

அன்றிரவு நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். மருந்து வாடையும் கொசுவத்திப் புகையும் கலந்த அறையில், சுவர்க் கடிகாரம் ஒவ்வொரு நொடியையும் தள்ளுவதைக் கேட்டுக்கொண்டு, கண் சொருகும்போதெல்லாம் தொடையைக் கிள்ளிக்கொண்டாள். விடியும் நேரத்தில் ஒரு ஐந்து நிமிடம் அசந்திருப்பாள். காலையில் மூச்சுப் பயிற்சிக்காக மூன்று பந்துள்ள கருவியை எடுத்து, குழாயை வாயில் வைத்தாள். முந்தின நாள்வரை நுழைந்த குழாய் நுழையவில்லை. விரலால் தடவினாள். உதட்டின் இரண்டு ஓரங்களும் உள்ளே தள்ளி வந்திருந்தன.

"என் வாயப் பாருங்க. சின்னதாயிடுச்சு."

சுந்தரமூர்த்தி கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். "இளைச்சிருக்க, அவ்ளோதான். சும்னே ஒண்ணுமில்லாததுக்குப் பயப்படற."

"தொப்புளு?"

"வீக்கத்துல மூடியிருக்கும்."

"இப்பவே ஆஸ்பத்திரிக்குப் போலாங்க."

"திங்கக்கிழம போகத்தானே போறோம். நல்லா ஆறுதுன்னு யாராச்சும் அவசரமா ஓடுவாங்களா?"

துடைத்த கண்ணாடியையே அவர் கழற்றி மறுபடி துடைப்பதை அவள் பார்த்தாள். அவருக்கும் பயம்தான். ஒப்புக்கொண்டால் நிஜமாகிவிடும் என்ற பயம். அவர்மேல் பரிதாபமாகவும் இருந்தது, எரிச்சலாகவும் இருந்தது. தர்ஷினியிடம் சொன்னால், பெரிய ஆபரேஷனுக்குப் பிறகு மனசு இப்படித்தான் கலங்கும், கண்டதை யோசிக்காதே என்றாள். ஆஸ்பத்திரிக்குச் சுந்தரமூர்த்தியே போன் செய்தார். ஸ்பீக்கரில் ஒரு பெண் குரல் சலிப்போடு சொன்னது:

"தூங்காம இருந்தா எப்படி சார்? தூங்கினாத்தான் ஆறும். மாத்திரை எழுதிக் குடுத்திருக்கே, குடுங்க."

வேதநாயகி மாத்திரையைத் துப்பினாள். சனிக்கிழமை இரவும் உட்கார்ந்தே இருந்தாள். அவரும் எதிரில் உட்கார்ந்திருந்தார்.

ஞாயிறு மதியம் அவர் பால் கொண்டுவந்தார். ஸ்பூன் நுழையாததால் ஸ்ட்ரா போட்டிருந்தார். பாதிக்கு மேல் குடித்த பிறகுதான் அடிநாக்கில் கசந்தது. அவள் நிமிர்ந்து பார்த்தாள். அவர் தரையைப் பார்த்தார்.

"ரெண்டு நாளா கண்ணு மூடல நீ. நான் என்ன பண்ணட்டும்? எனக்குப் பயமா இருக்கு வேதா."

கோபம் வந்தது. கோபப்பட நேரம் இல்லை. பேச வாய் இருக்கும்போதே பேசிவிட வேண்டும்.

"பத்து நிமிஷத்துக்கு ஒருவாட்டி எழுப்புங்க. எழுந்துக்கலன்னா அடிங்க. என்னைத் தனியா வுட்டுப் போவாதீங்க."

"போவமாட்டேன்."

"கைய வுடாதீங்க."

"வுடல. படு."

நாற்காலியைக் கட்டிலோடு ஒட்டிப் போட்டு உட்கார்ந்து, அவள் விரல்களுக்குள் தன் விரல்களைக் கோத்துக்கொண்டார். உள்ளங்கை சூடாக இருந்தது. அந்தச் சூட்டில் அவளுக்குக் கொஞ்சம் தைரியம் வந்தது. ஜன்னலில் வெயில். சந்தில் பையன்கள் கிரிக்கெட் ஆடும் சத்தம். பந்து சுவரில் மோதி மோதித் திரும்பியது. அவள் கடைசியாகப் பார்த்தபோது, இரவெல்லாம் விழித்த அவருடைய கண்களும் சொருகிக்கொண்டிருந்தன. நீங்க தூங்காதீங்க என்று சொல்ல நினைத்தாள். நாக்கு அசையவில்லை.

விழித்தபோது வெயில் மஞ்சளாகிச் சுவரில் ஏறியிருந்தது.

வலது கண் திறக்கவில்லை. இடது கண்ணில் ஒரு கீற்றுதான். மூக்கில் ஒரு பக்கம் மட்டும் காற்று. நாக்கு பல்லைத் தாண்டி உதடுகளைத் தேடியது. உதடுகள் இல்லை. ஒரே தோல்.

கையை இழுத்தாள். அவர் கையும் கூடவே வந்தது.

மறுபடி இழுத்தாள். கோத்த விரல்கள் பிரியவில்லை. எது தன் விரல், எது அவர் விரல் என்று பார்த்தாள். நடுவில் கோடு இல்லை.

சுந்தரமூர்த்தி நாற்காலியில் தலை சாய்ந்து குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். வீடே அதிரும் குறட்டை, முப்பத்தைந்து வருடமாக அவள் திட்டித் தீர்த்த குறட்டை. இப்போது அது மெலிந்திருந்தது. வாயின் ஓரங்கள் உள்ளே வந்துகொண்டிருந்தன. நடுவில் சின்ன வட்டம். அதன் வழியே விசில்போல் காற்று.

எழுப்ப வேண்டும்.

கத்தினாள். கத்தல் தொண்டையிலேயே முட்டி நின்றது. கையை உலுக்கினாள். நெஞ்சுக்குள் கம்பி நறநறத்தது. மறுபடி உலுக்கினாள். காலைத் தூக்கி நாற்காலியை உதைத்தாள்.

விசில் நின்றது.

சுந்தரமூர்த்தி விழித்துக்கொண்டார். தலையை நிமிர்த்தி அவள் பக்கம் திரும்பினார். சொன்ன சொல் தவறாதவர்போல் கையை இன்னும் இறுக்கிப் பிடித்தார். அவருடைய புருவங்கள் மேலே ஏறின. அவற்றுக்குக் கீழே திறப்பதற்கு ஒன்றும் இல்லை.